கவலையை இறக்கி வைக்க ஒரு கல்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். மார்பு உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல் போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியே நடந்து வருகிறவன் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் மூட்டையை அதன்மேல் சரித்து வைக்கலாம். வேர்வையைத் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி தலையைக் கொடுத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவது நம் முன்னோர் வழக்கம். இறக்கி வைக்காமலே போய்விட்ட அவளுடைய சுமைக்கு ஆறுதலாக, ஊரார் சுமையை அந்தக் கல் தாங்கட்டும் என்று நினைத்தார்கள்.

கவலையை ஆண்டவர்மேல் இறக்கி வை என்று கிறிஸ்தவர்கள் சொல்வதை நான் இந்தக் கல்லை வைத்தே புரிந்து கொள்கிறேன். மூட்டை மாயமாக மறைந்து விடுவதில்லை. அதைச் சுமந்தபடியே வழியில் விழுந்து சாகாமல் இருக்க ஓர் இடம் கிடைக்கிறது. இதை இன்று பொம்மசந்திராவில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே கவலைக்கும் பஞ்சமில்லை. கவலையைத் தீர்த்து வைக்கிறேன் என்று வருகிறவர்களுக்கும் பஞ்சமில்லை.

ஓசூர் சாலைக் கவலைகள்

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு பொம்மசந்திரா வளர்ந்த ஊர். தொழிற்பேட்டை, பெரிய மருந்துக் கம்பெனிகள், நாடெல்லாம் பேர் பெற்ற இருதய மருத்துவமனை. 2025 ஆகஸ்டு 10-ந் தேதி முதல் ஆர்.வி. ரோட்டிலிருந்து மெட்ரோ ரயிலும் வந்து விட்டது. ஆனால் காலை ஷிப்டுக்குப் போகிறவனின் முகத்தைப் பாருங்கள். காண்டிராக்ட் வேலை. இந்த மாதம் பேர் இருக்கிறது, அடுத்த மாதம் இருக்குமா என்பது காண்டிராக்டருக்கே தெரியாது. லைன் வீட்டில் ஒரே அறை. அதற்குப் பத்து மாத வாடகை அட்வான்ஸ். ஊரில் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். சீட்டுப் பணம் ஒரு பக்கம், குழுக் கடனுக்கு வாரத் தவணை ஒரு பக்கம், அவசரத்துக்கு வாங்கிய மீட்டர் வட்டி ஒரு பக்கம். கடன் வசூல் தொல்லை எல்லை மீறிப் போனதால், அதைத் தடுக்க 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டமே கொண்டு வர வேண்டியதாயிற்று. எங்களைப் போன்ற குமாஸ்தாக்களின் கவலை வேறு ரகம். சம்பளம் ஒன்றாந் தேதி வந்து விடும். பத்தாந் தேதிக்குள் போயும் விடும்.

பழந்தமிழில் கவலை என்ற சொல்லுக்குக் கிளை பிரியும் வழி என்றும் ஒரு பொருள் உண்டு. பொருத்தமான சொல்தான். ஒரு பாதை ஜிகினிக்கு, ஒரு பாதை ஓசூருக்கு என்று பிரிகிற இடத்தில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறவனின் நிலைதானே கவலை? உடம்பு ஓர் இடத்தில் இருக்க, மனம் நாலு வழியிலும் ஓடுகிறது. மிஷின் முன்னால் நிற்கிறவனுக்கு மனம் அப்படி ஓடினால் விரல் போய்விடும்.

மலையடிவாரத்தில் கேட்டவர்கள் யார்?

நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்பது இயேசுவின் மலைப் பிரசங்கத்தில் வருகிறது. விதைக்காத, அறுக்காத, களஞ்சியம் கட்டாத பறவைகளைப் பிதா போஷிக்கிறார், காட்டுப் பூக்களை அவரே உடுத்துகிறார் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் சொல்கிறார். வயிறு நிறைந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, ஆகா என்ன அழகான கவிதை என்கிறார்கள். வயிறு நிறையாதவனோ, பறவைக்கு வாடகை உண்டா, பள்ளிக்கூடப் பீஸ் உண்டா என்று கேட்கிறான். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் அந்தப் பிரசங்கத்தை முதலில் கேட்டவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். கலிலேயாவின் மீன்பிடிக்காரர்கள், குத்தகை உழவர்கள், தினக்கூலிகள். அதே மத்தேயுவில் இன்னொரு கதை வருகிறது. வேலைக்குக் கூப்பிட ஆளில்லாமல் சந்தைத் திடலில் சாயங்காலம் வரை நிற்கும் கூலிகளின் கதை. காலை ஏழு மணிக்குக் கையில் கரண்டியும் மட்டப்பலகையும் வைத்துக்கொண்டு பெங்களூர் முனைகளில் நிற்கும் நம்மவர்களுக்கு அந்தத் திடலை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி ஒரு மணி நேரத்துக்கு வந்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்தாராம் தோட்டக்காரர். முதலில் வந்தவன் முணுமுணுத்தது இயல்பு. ஆனால் அந்தக் கடைசி ஆளுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. கதையைச் சொன்னவர் அந்த அடுப்பைப் பற்றித் தெரிந்தவர். தச்சன் வீட்டில் வளர்ந்தவர் அல்லவா?

ஆகவே கவலைப்படாதே என்ற சொல் கஷ்டம் தெரியாதவர் வாயிலிருந்து வரவில்லை. அவர் கற்பித்த ஜெபத்திலும் அன்றன்றைய உணவுக்குத்தான் விண்ணப்பம் இருக்கிறது. மாதச் சம்பளமோ ஆயுள் பென்ஷனோ அதில் கேட்கப்படவில்லை. நாளைய சுமையை இன்றே தலையில் ஏற்றினால் இன்றைய வேலைக்குத் தலை ஏது என்ற அனுபவ ஞானம் அதில் இருக்கிறது.

அப்படியானால் சேமிக்கவே கூடாதா? சில பிரசங்கிகள் அப்படித்தான் முழங்குகிறார்கள். வேதத்தை முழுதும் படித்தால் அப்படித் தோன்றவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா விழுந்த கதையில், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கச் சொன்னார்கள். பேராசைப்பட்டு எடுத்து வைத்தது புழுத்துப் போயிற்று. ஆனால் ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பாகப் பொறுக்க உத்தரவு, ஏனென்றால் ஏழாம் நாள் ஓய்வு. வரப்போகிற விடுமுறைக்கு முன்கூட்டி எடுத்து வைத்ததில் புழு வைக்கவில்லை. எகிப்தில் யோசேப்பு ஏழு செழிப்பான வருஷங்களிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்த்தான். நூற்றுக்கு இருபது! நம்முடைய பிராவிடெண்ட் பண்டுக்குத் தொழிலாளி கட்டுவது நூற்றுக்குப் பன்னிரண்டுதான். யோசேப்பை விசுவாசம் இல்லாதவன் என்று யாரும் சொல்லக் காணோம்.

கவலை வேறு, அக்கறை வேறு. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்ணை விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பது கவலை. காலையில் எழுந்து போய் இ.எஸ்.ஐ. அட்டையில் மனைவி பேர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அக்கறை. முதலாவதை ஆண்டவரிடம் ஒப்படைக்கலாம். இரண்டாவதை அவர் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்.

கூடாரம் தைத்த பவுல்

சிறையில் இருந்துகொண்டே பிலிப்பி ஊராருக்கு, எதற்கும் கவலைப்படாமல் ஜெபத்தில் கேளுங்கள் என்று எழுதியவர் பவுல். அவர் பிழைப்புக்குச் செய்த தொழில் கூடாரம் செய்வது. கொரிந்து பட்டணத்தில் அவர் தங்கியது ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதி வீட்டில். ரோமாபுரியிலிருந்து யூதர்கள் வெளியேற வேண்டும் என்று கிளவுதியு ராயன் உத்தரவு போட்டதால் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் அவர்கள். அதே கூடாரத் தொழில். மூவரும் ஒரே வீட்டில் இருந்து வேலை செய்தார்கள். அயலூரில் ஒரே அறையில் நாலு பேர் தங்கி ஷிப்டு பார்க்கும் நம்மவர்களுக்குப் பழக்கமான குடும்பம்தான் இது.

தெசலோனிக்கேயில் சிலர், ஆண்டவர் சீக்கிரம் வரப்போகிறார், இனி வேலை எதற்கு என்று சும்மா திரிந்தார்கள். பவுல் அவர்களைக் கண்டித்து, அமைதியாக வேலை செய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்று எழுதினார். கவலைப்படாதே என்று எழுதிய அதே கை இதையும் எழுதியது.

டோனாவூர் அம்மா

விசுவாசத்தால் கவலையை இறக்கி வைத்தவர் என்று நம் தமிழ் மண்ணில் ஒருவரைக் காட்டச் சொன்னால் எனக்கு முதலில் நினைவு வருவது எமி கார்மைக்கேல் அம்மையார். 1867-ல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். 1895 நவம்பரில் இந்தியாவுக்கு வந்த அவர் முதலில் பணிசெய்த இடம் நம் பெங்களூர்தான். மறு வருஷம் தமிழ் படிக்கத் திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். 1901-ல், கோவிலுக்கு விடப்பட்ட ஒரு சிறு பெண் தப்பி ஓடி அவரிடம் அடைக்கலம் வந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு ஊர் ஊராகப் போகும் பிரசங்க வேலை இல்லை. டோனாவூரில் குழந்தைகளுக்குத் தாயாக உட்கார்ந்து விட்டார். ஒன்று இரண்டு என்று வந்த குழந்தைகள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள்.

இத்தனை வாய்க்கும் சோறு போட அவர் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஆண்டவரிடம் கேட்பது, வந்ததை வைத்து நடத்துவது. இதைக் கேட்கிறபோது, நாமும் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமே என்று ஒருவருக்குத் தோன்றலாம். அந்த அம்மாள் ஒருநாளும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. குழந்தைகளுக்குப் பால், துணி, மருந்து, படிப்பு என்று விடியற்காலம் முதல் வேலைதான்.

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் இருட்டில் குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதோடு போகவில்லை. அன்று படுத்தவர் 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது வருஷம் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். வலி விடவில்லை, தூக்கமும் சரியாக இல்லை. விசுவாசம் இருந்தால் வலி பறந்துவிடும் என்பவர்கள் இந்த இருபது வருஷத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்? அந்தப் படுக்கையிலிருந்துதான் அவர் பல புத்தகங்கள் எழுதினார். தம் கல்லறைக்கு மேல் கல் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். மலைப் பிரசங்கத்துப் பறவைகளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

பொம்மசந்திராவுக்கும் அன்னை தெரசாவுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இங்கே 2001-ல் நாராயண ஹிருதயாலயாவைத் திறந்த டாக்டர் தேவி ஷெட்டி, அதற்கு முன் கல்கத்தாவில் இருந்தபோது அன்னைக்கு வைத்தியம் பார்த்தவர். அன்னையின் முகத்தைப் படத்தில் பார்த்தவர்கள், இந்த அம்மாளுக்கு மனதில் எவ்வளவு சமாதானம் என்று நினைத்திருப்பார்கள். 1997-ல் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007-ல், அவர் தம் ஆன்மீக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்தன. உலகமே திகைத்தது. ஏறத்தாழ ஐம்பது வருஷம் அவருக்கு உள்ளுக்குள் ஒரே இருட்டு. ஜெபித்தால் பதில் இல்லாத வெறுமை. கடவுள் தம்மை வேண்டாம் என்று தள்ளிவிட்டாரோ என்ற வேதனை.

சிலர் இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, அவருக்கே நம்பிக்கை இல்லை என்று எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனதில் இருட்டு இருந்தபோதும் அந்த அம்மாள் அடுத்த நாள் விடியற்காலையில் எழுந்து, தெருவில் கிடந்தவனைத் தூக்கிக் குளிப்பாட்டினார். தம் சபைக்கு நிலையான வருமானம் வரும் ஏற்பாட்டையும் அவர் விரும்பவில்லை. கவலையை இறக்கி வைப்பது என்பது மனம் லேசாகிப் பறப்பது அல்ல என்று நான் புரிந்து கொண்டது இந்தக் கடிதங்களைப் பற்றிப் படித்த பிறகுதான். சில பேருக்கு மனம் லேசாகும், சில பேருக்கு ஆகாது. ஆகாதவன் விசுவாசம் குறைந்தவன் என்று கூட்டத்தில் வைத்துச் சொல்லுகிற உபதேசியாரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஏற்கெனவே கடன் கவலை. இப்போது விசுவாசம் போதவில்லையோ என்ற கவலை வேறு. மூட்டைமேல் மூட்டை.

விலை போகும் ஆறுதல்

இந்த வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடங்கள் நிறைய. பெரும்பாலானவை நல்லவை. வாடகை மாடியில் ஐம்பது பேர் கூடிப் பாடிவிட்டு, ஒருவர் பிள்ளையை ஒருவர் விசாரித்து, சேர்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள். வாரம் முழுவதும் ஷிப்டு நம்பராக இருந்தவன் அங்கேதான் தம்பி ஆகிறான், அண்ணன் ஆகிறான். பாதிக் கவலை அதிலேயே போகிறது.

ஆனால் வேறு சில கூட்டங்களும் உண்டு. முதலில் காணிக்கையை விதை, கடன் நூறு மடங்காகத் தீரும் என்கிறார்கள். தாலிக் குண்டை அடகு வைத்துக் காணிக்கை கட்டிய ஒரு வீட்டை எனக்குத் தெரியும். கடன் தீரவில்லை, அடகுக் கடைக்கு வட்டி கூடிற்று. மருந்தை நிறுத்து, விசுவாசத்தில் நில் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்சுலினை நிறுத்தியவனைக் கடைசியில் தூக்கிக்கொண்டு ஓடுவது பக்கத்து அறைக்காரன். மருந்தை நிறுத்தச் சொன்னவர் அன்றைக்கு வேறு ஊரில் கூட்டம் நடத்திக் கொண்டிருப்பார். பவுலின் கூடவே திரிந்த லூக்கா வைத்தியர் என்பதை இவர்கள் மறந்து விட்டார்களா?

மனதைப் பற்றிய விஷயத்திலும் இதைச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், அதை வியாதியாக நினைத்து வைத்தியம் பார்க்க வேண்டும். இதே ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் காசில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். ஜெபமும் செய்யுங்கள், போனும் போடுங்கள். ஒன்றுக்கு ஒன்று விரோதம் இல்லை.

2016 ஏப்ரல்

கவலையையும் அக்கறையையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சாலையிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் பிராவிடெண்ட் பண்டு விதியை மத்திய அரசு மாற்றியது. வேலையை விட்டாலும் முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றார்கள். கார்மெண்ட்ஸ் கம்பெனிகளில் தையல் மிஷினில் உட்காரும் பெண்களுக்கு அந்தப் பணம்தான் மகள் கல்யாணம், மகன் படிப்பு, கடன் அடைப்பு எல்லாம். ஏப்ரல் 18-ந் தேதி பொம்மனஹள்ளிப் பக்கம் அவர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். பெரிய சங்கம் எதுவும் கூப்பிடவில்லை. மறுநாள் கலவரமாயிற்று. ஹெப்பகோடி போலீஸ் நிலையத்தில் வாகனங்கள் எரிந்தன. கல்லெறிந்ததையும் தீ வைத்ததையும் யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அன்று சாயங்காலமே அரசு அந்த விதியை வாபஸ் வாங்கியது.

அந்தப் பெண்களிடம் போய், நாளையைப் பற்றிக் கவலைப்படாதே அம்மா, பறவைகளைப் பார் என்று சொல்லியிருந்தால் அது வேதமாக இருந்திருக்காது. முதலாளிக்குச் செய்த சேவகமாக இருந்திருக்கும். தங்கள் நாளையைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள அவர்கள் எழுந்தார்கள். கவலை ஆளைப் படுக்கப் போடும். இது அவர்களை எழுப்பியது. இதற்குப் பேர் அக்கறை. ஏழைகளின் கூலியைப் பிடித்து வைத்தவர்களைப் பற்றி யாக்கோபு தம் நிருபத்தில் எழுதியிருப்பதைப் படித்தால், கிறிஸ்தவ வேதம் யார் பக்கம் என்ற சந்தேகமே வராது.

கல்லை நட்டவர்கள்

சுமைதாங்கி தானாக முளைப்பதில்லை. யாரோ கல் கொண்டு வந்து நட வேண்டும். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் ஒருவர் சுமையை ஒருவர் சுமக்க வேண்டும் என்கிறார். இரண்டு மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன் பாரத்தை அவனவனே சுமப்பான் என்றும் சொல்கிறார். முரண்பாடு போலத் தெரியும். சுமைதாங்கியைத் தெரிந்த நமக்கு இதில் முரண்பாடு இல்லை. மூட்டை அவனுடையது; கல் ஊருடையது.

பெங்களூருக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆரம்பத்திலேயே அந்தக் கல்லை நட்டிருக்கிறார்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் போட்ட கூரைக் கோவில்தான் இன்றைய சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவின் தொடக்கம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். காணிக்கை மாதா கோவில் என்று அதற்குப் பேர். இப்போதுள்ள கோபுரக் கட்டடம் 1882-ல் எழுந்தது. விவேக்நகர் குழந்தை ஏசு கோவில் 1971 முதல் நடக்கிறது. வியாழக்கிழமைகளில் அங்கே போய்ப் பாருங்கள். மெழுகுவத்தியோடு நிற்பவர்களில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமமோ விபூதியோ வைத்திருப்பார்கள். கவலைக்கு மதம் இல்லை என்பது அந்த வரிசையில் தெரியும். வள்ளுவரும் கடவுள் வாழ்த்திலேயே மனக்கவலைக்கு ஒரு குறள் ஒதுக்கியிருக்கிறார். வைணவர்கள் சரணாகதி என்கிறார்கள். ஆகவே வேறு மதத்து வாசகர்கள் இந்தக் கட்டுரை நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

ஆனால் மெழுகுவத்தி ஏற்றுவதோடு கோவிலின் கடமை முடிந்து போகிறதா? பாரிஸ் நகரத்தில் 1833-ல் பிரெடெரிக் ஓசனாம் என்ற இருபது வயதுக் கல்லூரி மாணவரும் நண்பர்களும் சேர்ந்து வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார்கள். ஏழை வீட்டுக்கு நேரே போய்ப் பார்ப்பது அவர்கள் விதி. நம்மூர்க் கத்தோலிக்கக் கோவில்கள் பலவற்றில் அந்தச் சபை இன்றும் இருக்கிறது. பணக்காரர் சபை அல்ல. பத்து இருபது போட்டு நடத்துகிறவர்கள்தான். பலர் சேர்ந்து போடும் சின்னத் தொகை என்ன செய்யும் என்பதைக் கர்நாடகமே காட்டியிருக்கிறது. டாக்டர் தேவி ஷெட்டி சொன்ன யோசனைப்படி 2003-ல் தொடங்கிய யசஸ்வினி திட்டத்தில், கூட்டுறவுச் சங்க விவசாயிகள் மாதம் 5 ரூபாய் கட்டினார்கள். அந்த ஐந்து ரூபாய்கள் சேர்ந்து, ஆபரேஷன் செலவுக்கு நிலத்தை விற்க வேண்டிய பல குடும்பங்களைக் காப்பாற்றின.

பொம்மசந்திரா, ஹெப்பகோடி, சந்தாபுரம் பக்கத்துச் சபைகளுக்கு இதில் செய்ய நிறைய இருக்கிறது. பணம்கூட அதிகம் வேண்டாம். நம் ஆட்களின் கவலையில் பெரும் பங்கு காகிதக் கவலை. இ.எஸ்.ஐ. சம்பள உச்சவரம்பு 2017-ல் 21,000 ரூபாய் ஆனதிலிருந்து இங்குள்ள தொழிலாளிகளில் ஏராளமானவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடித்தமும் ஆகிறது. ஆனால் அந்த அட்டையை வைத்து அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பிராவிடெண்ட் பண்டு கணக்கில் பேர் ஓர் எழுத்து மாறியிருப்பதால் பணம் வராமல் கிடப்பவர்கள் எத்தனை பேர்! ஆதாரில் கன்னடத்தில் ஒரு விதம், கம்பெனியில் ஆங்கிலத்தில் ஒரு விதம், ஊரில் அப்பா வைத்த பேர் ஒரு விதம். இதற்குப் புரோக்கர்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்குகிறார்கள். பொம்மசந்திராவிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். ஆஸ்பத்திரி வந்தாலும் அட்டையில் பேர் சரியாக இருந்தால்தானே உள்ளே விடுவார்கள்?

ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் போதும். கோவில் வாசலில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு. படிவம் நிரப்பத் தெரிந்த குமாஸ்தாக்கள் இரண்டு பேர், கன்னடம் எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவர், போனில் பிராவிடெண்ட் பண்டு கணக்கைத் திறந்து பார்க்கத் தெரிந்த பெண் ஒருவர். வருகிறவன் எந்தக் கோவிலுக்குப் போகிறவன் என்று கேட்க வேண்டாம். ஒடிசாக்காரனும் பீகார்க்காரனும் வந்தால் அவர்களுக்கும் எழுதிக் கொடுக்கலாம். அந்த மேசைக்கு ஆள் வேண்டுமென்றால், ரயில்வேயிலும் வங்கியிலும் தபாலாபீசிலும் வேலை பார்க்கிற நம்மவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவில்லை. பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டு, வருகிற ஞாயிறே மேசையைப் போடலாம்.